மசூரி யாருடையது? செபராங் பிறை நெல்லும் பயிர் இரகக் கூட்டு உரிமையும்

முன்னுரை

பயிர் இரகம் ஒன்றை உருவாக்கியவருக்கு அதன்மீது குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை வழங்கும் சட்டமுறை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே உலகளவில் வேரூன்றியது. 1961 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உருவான யூபோவ் ஒப்பந்தம் அதற்கு அடித்தளமிட்டது. புதிய பயிர் இரகங்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஒன்றியம் என்பது அவ்வமைப்பின் முழுப்பெயரின் பொருளாகும். அவ்வொன்றியத்தில் உறுப்பியம் பெறாமலேயே இந்தியா 2001 ஆம் ஆண்டிலும், மலேசியா 2004 ஆம் ஆண்டிலும் தத்தமக்கெனச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. ஓர் இரகத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்ட இருவரோ பலரோ, இரு நிறுவனங்களோ சேர்ந்து அவ்வுரிமையைக் கோருவதே கூட்டு உரிமை விண்ணப்பம் எனப்படுகிறது.

விண்ணப்பத் தாளில் இதற்கு ஒதுக்கப்படும் இடம் சிறிது. விண்ணப்பதாரர் யார் யார் என்ற ஒரு கட்டம், அவர்தம் கையொப்பம், அவ்வளவே. ஆயினும், யாருடைய பெயர் அக்கட்டத்தில் இடம்பெற வேண்டும் என்ற வினா எளிதன்று. இவ்வினாவை ஒரே ஒரு நெல்லின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நெல் மசூரி. தமிழகம் அதனைப் பொன்னி எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது.

பினாங்குத் தமிழருக்கு இந்நெல் தொலைவிலுள்ள பொருளன்று. ஜோர்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தை ஒட்டித் தமிழர் செறிந்து வாழும் பாகான் டாலாம் வட்டாரத்தில் பொன்னி அரிசியை அறியாத இல்லம் அரிது. அதனைத் தமிழகத்திலிருந்து வரும் அரிசி என்றே நாம் கருதிப் பழகியுள்ளோம். அதன் தாய் நெல்லோ அதே செபராங் பிறை மண்ணில், பாகான் டாலாமிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே எட்டக்கூடிய ஓர் ஆய்வு வயலில் தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். தன் அண்டை வயலில் பிறந்த நெல்லைக் கடல் கடந்து வந்த நெல்லாக ஒரு சமூகம் உண்டு வருகிறது என்பதே, உரிமை, பெயர், நினைவு ஆகிய மூன்றும் எவ்வாறு பிரிந்து செல்கின்றன என்பதற்குச் சான்றாகும்.

கட்டாக்கில் தொடங்கிய கூட்டு முயற்சி

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆசியாவில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெப்பமண்டல நாடுகளில் பயிரிடப்பட்ட இண்டிகா வகை நெற்கள் உயரமானவை. உரமிட்டால் மேலும் வளர்ந்து சாய்ந்துவிடும் இயல்புடையவை. மாறாக, ஜப்பானிக்கா வகை நெற்கள் உரத்தை ஏற்று மணியாக மாற்றும் திறனுடையவை. எனினும் அவை வெப்பமண்டலத்தின் பகல் நீளத்திற்கும் சூழலுக்கும் ஒத்துவரவில்லை. அவற்றின் ஒட்டும் தன்மையுள்ள அரிசியும் இப்பகுதி மக்களின் நாவிற்கு உகந்ததன்று. இவ்விரண்டையும் கலந்து, ஒன்றன் விளைதிறனையும் மற்றதன் தாங்குதிறனையும் ஒரே பயிரில் பெற முடியுமா என்பதே அன்றைய நெல் அறிஞர்களின் வினாவாக இருந்தது.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் இயங்கிய பன்னாட்டு நெல் ஆணையம், 1950 ஆம் ஆண்டையொட்டி இக்கலப்புத் திட்டத்தை மேற்கொண்டது. ஒரிசாவின் கட்டாக்கிலிருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் மையமாயிற்று. 1946 இல் நிறுவப்பட்ட அந்நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பயின்று பணியாற்றிய அவர், இத்திட்டத்திற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர். பின்னாளில் பெரும்புகழ் எய்திய எம். எஸ். சுவாமிநாதனும் 1954 இல் கட்டாக்கில் இதே கலப்புப் பணியில் ஈடுபட்டார்.

திட்டத்தின் நடைமுறை நம் பொருளுக்கு இன்றியமையாதது. பங்கேற்ற நாடுகள் தத்தம் நாட்டு நெற்களுள் சிறந்தவற்றைக் கட்டாக்கிற்கு அனுப்பின. அங்கு அவை ஜப்பானிக்கா நெற்களுடன் கலக்கப்பட்டன. கலப்பில் கிட்டிய விதைகளின் வழித்தோன்றல்கள் அந்தந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. எவ்விதையை வைத்துக்கொள்வது, எதனைக் கழிப்பது என்னும் தேர்வு அவ்வந்நாட்டு வயல்களில் பல பருவங்கள் நடைபெற்றது. ஆகவே, கலப்புச் செய்த கை ஒன்று. தேர்ந்தெடுத்த கை வேறொன்று. மூல விதையைப் பேணித் தந்த கை இன்னொன்று. இவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் கண்டதுமில்லை.

பயன் மிகக் குறைவாகவே கிட்டியது. நூற்றுக்கணக்கான கலப்புகளில் மலட்டுத்தன்மை மிகுந்திருந்தது. வெற்றி பெற்று உழவரிடம் சென்றவையாகப் பொதுவாகக் குறிக்கப்படுபவை நான்கே: தமிழகத்தின் ஏ.டி.டி. 27, மலாயாவின் மலிஞ்சா, மசூரி, ஆஸ்திரேலியாவின் சிர்க்னா. ஆடுதுறையில் தேர்வு செய்யப்பட்ட ஏ.டி.டி. 27, 1960களின் நடுப்பகுதியில் தஞ்சை மாவட்டத்தின் வயல்களில் விரைந்து பரவியது. எனவே தஞ்சையின் ஏ.டி.டி. 27உம் செபராங் பிறையின் மசூரியும் ஒரே திட்டத்தின் குழந்தைகளாவர்.

செபராங் பிறையில் தேறிய நெல்

மலாயாவிற்கு வந்த கலப்பு விதைகள், அக்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் புக்கிட் மேரா நெல் ஆய்வு நிலையத்தில் சோதிக்கப்பட்டன. இது பேராக் மாநிலத்தில் ஏரியால் பெயர்பெற்ற புக்கிட் மேரா அன்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஜப்பானிய நெல் வல்லுநர்கள் மலாயா வேளாண்மைத் துறையினருடன் இணைந்து இங்குப் பணியாற்றினர். ஆண்டுக்கு இருமுறை நெல் விளைவிக்க வேண்டும் என்பது அரசின் கொள்கையாக இருந்தது. அதற்குப் பகல் நீளத்தைச் சாராமல் எப்பருவத்திலும் பூக்கும் நெல் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்யும் வகையில் 1964 இல் மலிஞ்சாவும் 1965 இல் மசூரியும் உழவர்க்கு வழங்கப்பட்டன.

மசூரியின் பெற்றோர் இருவர். ஒன்று, மாயாங் எபோஸ் 80. இது மலாய் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுப் பேணிய நெல்லினின்று தெரிவு செய்யப்பட்ட வரிசை. மற்றொன்று, தைச்சுங் 65. இது ஜப்பானிய ஆட்சியின்கீழிருந்த தைவானில், 1920களில் ஜப்பானிய நெல் வகைகளைக் கலந்து உருவாக்கப்பட்டது. ஆக, மசூரி என்னும் ஒரு நெல்லுக்குள் மலாய் உழவரின் தெரிவும், தைவானில் இயங்கிய ஜப்பானிய ஆய்வாளரின் உழைப்பும், கட்டாக்கில் நிகழ்ந்த கலப்பும், செபராங் பிறையில் நிகழ்ந்த தேர்வும் அடங்கியுள்ளன. திட்டத்தை ஒருங்கிணைத்தது பன்னாட்டு அமைப்பு.

பெயரே பட்டயமாக

அக்காலத்தில் இந்நாடுகளில் பயிர் இரகங்களுக்குத் தனியுரிமைச் சட்டம் இல்லை. எனவே எவரும் எவரிடமும் கையொப்பம் கேட்கவில்லை. ஆயினும் கூட்டு உழைப்பைப் பதிவு செய்யும் விருப்பம் இருந்தது என்பதைப் பெயர்கள் காட்டுகின்றன. மலிஞ்சா என்னும் பெயர் மலாயா, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களின் முதற்பகுதிகளை இணைத்து அமைந்தது. சட்டப் பட்டயம் இல்லாத காலத்தில் பெயரே பட்டயமாயிற்று எனலாம்.

மசூரிக்கு இட்ட பெயர் வேறு வகையினது. லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் மசூரி என்னும் நங்கையின் பெயரே அது. நெல் அதனால் மலாய் மண்ணின் மகளாயிற்று; கட்டாக்கும் ஜப்பானும் பெயரில் இடம்பெறவில்லை. அதே நெல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றபோது பாஜம் எனப் பெயர் பெற்றது. பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா என்னும் பெயர்களின் சேர்க்கை அது என விளக்கம் கூறப்படுகிறது. பெற்றுக்கொண்ட நாடு தன் பெயரை முதலில் வைத்தது. கலப்பு நிகழ்ந்த இந்தியா விடுபட்டது.

தமிழகத்தில் அது பொன்னி ஆயிற்று. காவிரியின் பெயரைத் தாங்கிய பிறகு அதனை அயல்நாட்டு நெல் என்று எவர் எண்ணுவர்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து தெரிவு செய்து மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியை 1986 இல் வெளியிட்டது. ஆந்திரத்தில் மசூரியைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு சுவர்ணா உருவாயிற்று. அவ்வாறே உருவான சம்பா மசூரி 1986 இல் வெளிவந்தது. இவ்விரண்டும் இந்தியாவில் மிகப் பரந்த நிலப்பரப்பில் பயிரிடப்பட்ட நெற்களுள் அடங்கும். மசூரியைத் தேர்ந்தெடுத்த நாடு இவற்றிற்கு எவ்வுரிமைத் தொகையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வழியும் இருக்கவில்லை.

ஒரே நெல் மூன்று நாடுகளில் வெவ்வேறு பெயர்களைப் பெற்றது. ஒவ்வொரு பெயரும் சிலரை நினைவில் வைத்தது. சிலரை மறக்கச் செய்தது. கூட்டு உரிமை என்னும் சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது.

பொன்னியின் பெயருக்கு எழுந்த வழக்கு

பெயரளவில் நின்ற இச்சிக்கல் பின்னர் மலேசிய நீதிமன்றத்தை எட்டியது. பொன்னி என்னும் சொல் அரிசிக்குரிய வணிகச் சின்னமாக மலேசியாவில் ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. அப்பதிவை நீக்கக் கோரி, இந்திய அரசின் வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தை அணுகியது. பொன்னி என்பது தமிழகத்தில் உருவான, வணிகத்தில் அனைவரும் அறிந்த நெல் இரகத்தின் பெயர். எந்த ஒரு வணிகரும் அதனைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ள முடியாது என்பதே வாதத்தின் மையம். 2010 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அப்பதிவை நீக்கத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு நியாயமானதே. இரகத்தின் பெயர் பொதுச்சொல்லாக இருத்தல் வேண்டும் என்பது பயிர் இரகச் சட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான கொள்கை. ஆயினும் வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறிப்பிடாதிருக்க இயலாது. பொன்னி தமிழகத்து நெல் என்னும் வாதம், அதன் தாய் நெல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாட்டின் நீதிமன்றத்திலேயே முன்வைக்கப்பட்டது. வழக்கு வணிகச் சின்னத்தைப் பற்றியது. ஆகையால் புக்கிட் மேராவின் வயலை எவரும் தீர்ப்பிற்குரிய வினாவாக ஆக்கவேண்டிய தேவை எழவில்லை.

சட்டம் கேட்கும் கையொப்பம்

இனி, இன்றைய சட்டங்களை நோக்குவோம். இந்தியாவின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், யார் விண்ணப்பிக்கலாம் என்பதை 16 ஆம் பிரிவில் வரையறுக்கிறது. இரகத்தை உருவாக்கியவர், அவருடைய வழியுரிமையாளர், உரிமை மாற்றம் பெற்றவர், உழவர், உழவர் குழு அல்லது உழவர் சமூகம், பல்கலைக்கழகம், அரசு நிதி பெறும் வேளாண் நிறுவனம் ஆகியோர் அதில் அடங்குவர். இவர்கள் தனித்தோ வேறொருவருடன் கூட்டாகவோ விண்ணப்பிக்கலாம் என அப்பிரிவே தெளிவாகக் கூறுகிறது. உழவரும் ஆய்வு நிறுவனமும் ஒரே தாளில் சமமாகக் கையொப்பமிட இவ்விதி கதவைத் திறக்கிறது.

மலேசியாவின் புதிய தாவர இரகங்கள் பாதுகாப்புச் சட்டம் 2007 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இரகத்தை உருவாக்கியவரோடு, அவருடைய முதலாளி, உழவர் அல்லது உழவர் குழு, உள்ளூர்ச் சமூகம், பூர்வகுடி மக்கள், அரசு அமைப்பு ஆகியோரையும் அது விண்ணப்பதாரராக ஏற்கிறது. மரபு இரகத்திலிருந்து புதிய இரகம் உருவாக்கப்பட்டிருப்பின், அம்மரபைப் பேணிய சமூகத்தைப் பிரதிநிதிக்கும் அமைப்பின் முன் இசைவை எழுத்து வடிவில் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியும் அதில் உண்டு. சிறு உழவர்கள் தம்முள் விதையை நியாயமான அளவில் பரிமாறிக்கொள்வதையும் அச்சட்டம் அனுமதிக்கிறது.

கூட்டு விண்ணப்பத்தின் பயன் கையொப்பத்தோடு முடிவதில்லை. உரிமை கிடைத்த பின்னர் விதை விற்க யாருக்கு உரிமம் தருவது, கிட்டும் தொகையை எவ்வாறு பகிர்வது, ஆண்டுக் கட்டணத்தை யார் செலுத்துவது, உரிமையை மீறுவோர்மீது யார் வழக்குத் தொடுப்பது ஆகிய யாவும் கூட்டு உரிமையாளர் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கையைப் பொறுத்தவை. ஒருவர் மற்றவருடைய இசைவின்றி உரிமம் வழங்கலாமா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ஆகவே உடன்படிக்கை முன்னரே எழுதப்படாவிடில், வலிமை மிக்க கூட்டாளியின் விருப்பமே விதியாகிவிடும்.

கூட்டு உழைப்பிற்கு மசூரியின் வழிமுறையிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சம்பா மசூரியைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மூன்று மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கப்பட்ட மேம்படுத்திய சம்பா மசூரி 2008 இல் வெளிவந்தது. ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து அதனை உருவாக்கின. இரண்டும் ஒரே நகரில் இயங்கும் அரசு நிறுவனங்கள். இத்தகைய கூட்டை எழுதி வைத்தல் எளிது. நாடுகளும் தலைமுறைகளும் கடந்த கூட்டையே எழுதுதல் அரிது.

விண்ணப்பதாரர் என்னும் கட்டத்தை வெறும் சடங்காகக் கொள்ளலாகாது என்பதற்கும் சான்று உண்டு. எஃப்.எல். 2027 என்னும் உருளைக்கிழங்கு இரகத்தின் உரிமையைக் கொண்டு பெப்சிகோ நிறுவனம் 2019 இல் குஜராத் உழவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்ப்பு வலுத்தமையால் அவ்வழக்குகளை மீட்டுக்கொண்டது. பின்னர், இரகத்தை உருவாக்கியவரிடமிருந்து உரிமை மாறியதைக் காட்டும் ஆவணங்கள் முறையாக இல்லாமையும் ஒரு காரணமாகக் கொண்டு, 2021 டிசம்பரில் இந்திய ஆணையம் அப்பதிவை இரத்துச் செய்தது. 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்ற அமர்வு அம்முடிவை மாற்றியது. யார், எந்த உரிமையால் கையொப்பமிட்டார் என்னும் வினா உழவரின் வாழ்வாதாரத்தையே தொடக்கூடும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மசூரிக்கு இன்று விண்ணப்பித்தால்

மசூரி இன்று உருவாகியிருப்பதாக வைத்துக்கொண்டு இச்சட்டங்களைப் பொருத்திப் பார்ப்போம். உருவாக்கியவர் என்னும் தகுதி முதலில் மலேசிய வேளாண்மைத் துறைக்கு உரியது. கலப்பை நிகழ்த்திய கட்டாக் நிலையம் கூட்டு விண்ணப்பதாரராக இடம்பெற வலுவான நியாயம் உண்டு. ஜப்பானிய வல்லுநர்களின் பங்கோ, அவர்கள் எந்த உடன்படிக்கையின்கீழ் வந்தனர் என்பதைப் பொறுத்தது. இம்மூவரும் கூடிக் கையொப்பமிட்டால் மலிஞ்சா என்னும் பெயர் சொன்னதையே சட்டமும் சொன்னதாகும்.

மாயாங் எபோஸைப் பேணிய உழவர் எங்கே நிற்பர்? அவர்கள் கலப்பும் செய்யவில்லை. இறுதித் தேர்வும் செய்யவில்லை. எனவே விண்ணப்பதாரர் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. மலேசியச் சட்டத்தின் முன் இசைவு விதி ஒன்றே அவர்களை அத்தாளுக்குள் கொண்டுவரும் வாயிலாகும்.

அதே நெல்லை இந்தியாவில் பதிவு செய்வதெனில் நிலைமை மேலும் இறுக்கமாகிறது. இவ்வுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியச் சட்டம் பெற்றோர் வரிசைகளின் முழு விவரத்தையும் உழவர், கிராமச் சமூகம் ஆகியோரின் பங்களிப்பையும் தெரிவிக்கப் பணிக்கிறது. எனினும் மரபுப்பொருள் பெறப்பட்ட இடத்தைக் குறிக்குமாறு கேட்கும்போது இந்தியாவிலுள்ள இடத்தையே குறிக்கிறது. பயன் பகிர்வு கோரும் உரிமையையும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தியாவில் அமைந்த அமைப்புகளுக்குமே 26 ஆம் பிரிவு வழங்குகிறது. ஆகவே உழவர் உரிமைக்கு உலகில் முன்னோடி எனப் போற்றப்படும் சட்டத்திலும் செபராங் பிறையின் மலாய் உழவருக்குக் குரல் இல்லை. நெல் கடல் கடந்தது. உரிமையால் கடக்க முடியவில்லை.

காலக் கணக்கும் கருதத்தக்கது. 1965 இல் மசூரிக்கு இருபது ஆண்டுத் தனியுரிமை இந்தியாவிலும் கிட்டியிருந்தால் அது 1985 வரை நீடித்திருக்கும். மசூரியைப் பெற்றோராகக் கொண்டு வேறோர் இரகத்தை உருவாக்க ஆய்வாளர்க்குள்ள விலக்கின்படி சுவர்ணாவும் சம்பா மசூரியும் பிறந்திருக்கும். ஆனால் தமிழக உழவர்க்கு விதை பெருக்கி விற்க உரிமையாளர் அனைவரின் உரிமமும் தேவைப்பட்டிருக்கும். வெள்ளைப் பொன்னி மசூரியிலிருந்தே தெரிவு செய்யப்பட்டமையால், மூல இரகத்தின் சாயலை விட்டு நீங்காத வழி இரகங்கள்மீதும் உரிமையை நீட்டிக்கும் 1991 ஆம் ஆண்டு யூபோவ் விதிகளின்கீழ் அதற்கும் இசைவு கேட்க நேர்ந்திருக்கலாம். மூன்று நாடுகளின் கையொப்பத்திற்குக் காத்திருந்தால் பொன்னி காவிரிப் படுகைக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்?

இதனால் உரிமைச் சட்டமே வேண்டா என்று நாம் கூறவில்லை. உரிமை இல்லாத காலத்தில் விதை தாராளமாகப் பரவியது. ஆனால் உழைத்தோர் மறக்கப்பட்டனர். உரிமை உள்ள காலத்தில் கையொப்பமிட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். ஆனால் விதையின் நடை தளர்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நியாயமான வழி, யார் பங்களித்தனர் என்னும் பதிவை விரிவாக வைத்து, உழவரைத் தடுக்கும் உரிமையைச் சுருக்கமாக வைப்பதே ஆகும்.

முடிவுரை

மலேசியாவிற்கு இவ்வினா இன்று புதிய கூர்மை பெற்றுள்ளது. 2022 நவம்பரில் மலேசியாவிற்கு நடைமுறைக்கு வந்த பசிபிக் வட்டாரக் கூட்டாண்மை உடன்பாடு, காலக்கெடுவுடன், 1991 ஆம் ஆண்டு யூபோவ் ஒப்பந்தத்தில் சேரும் கடப்பாட்டை விதிக்கிறது. அவ்வொப்பந்தம் உழவர் தம் நிலத்தில் விளைந்த விதையை மீண்டும் விதைப்பதை வரம்புகளுடன் அனுமதிக்க நாடுகளுக்கு இடமளிக்கிறது. உழவர் தம்முள் விதை பரிமாறிக்கொள்வதற்கு அதில் தனி இடமில்லை. உரிமை வழங்குவதற்குக் கூடுதல் நிபந்தனைகளை விதிப்பதையும் அது ஏற்பதில்லை. ஆகவே, மலேசியச் சட்டத்தின் முன் இசைவு விதியும் விதைப் பரிமாற்ற விதியும் நெருக்கடிக்கு உள்ளாகும். மாயாங் எபோஸைப் பேணியோரை விண்ணப்பத் தாளுக்குள் கொண்டுவரும் வாயில் அவ்விதி ஒன்றே என்பதை மேலே கண்டோம். அது அடைபட்டால் கூட்டு உரிமை என்பது நிறுவனங்களுக்கு இடையிலான கூட்டாக மட்டுமே சுருங்கிவிடும்.

நெல்லைப் பன்னாட்டுப் பொதுச் சேமத்தில் வைத்துப் பகிரும் பயிர் மரபு வளப் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் மலேசியாவும் உறுப்பு நாடுகள். 2004 இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை உழவர் உரிமையை ஏற்கிறது. அதனை நிறைவேற்றும் பொறுப்பை அந்தந்த அரசுகளிடமே விடுகிறது. எனவே முன் இசைவு விதியைக் காப்பதும், பெற்றோர் வரிசையை நாட்டெல்லை பாராமல் பதிவு செய்யக் கோருவதும் மலேசியர் தாமே செய்துகொள்ளக்கூடிய காரியங்களே.

பாகான் டாலாமின் கடைகளில் விற்கப்படும் பொன்னி மூட்டை, தமிழகத்துப் பெயரையும் வணிகரின் சின்னத்தையும் தாங்கி நிற்கிறது. மாயாங் எபோஸைப் பேணியவர், தைச்சுங் 65 ஐ உருவாக்கியவர், கட்டாக்கில் கலந்தவர், புக்கிட் மேராவில் தேர்ந்தவர், கோயம்புத்தூரில் தூய்மை செய்தவர் ஆகிய அனைவருக்கும் அவ்வரிசியில் பங்குண்டு. அவர்களுக்குள் பணத்தைப் பங்கிடும் காலம் கடந்துவிட்டது. வரலாற்றைப் பங்கிடும் காலம் கடந்துவிடவில்லை. இனி உருவாகும் இரகங்களுக்கேனும் அவ்விரண்டையும் உரிய காலத்தில் எழுதி வைத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.